பெயரை மறைப்பதா, வாடகையைக் கட்டுவதா?

ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குகிறேன். கற்பனைதான், ஆனால் அமெரிக்காவில் குழந்தைப் பாதுகாப்புப் புகார்களைக் கேட்டு எழுதும் எவரும் இதை இன்று காலை எழுதியிருக்கக்கூடும். பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை பேசுகிறார். ஏழு வயதுப் பையன் மூன்று நாளாக ஒரே சட்டையில் வருகிறான். வீட்டில் மின்சாரம் இல்லை என்கிறான். தங்கை பக்கத்து வீட்டில் தூங்குகிறாளாம். அம்மாவுக்கு இரவு வேலை. உடம்பில் அடிபட்ட தழும்பு எதுவும் இல்லை. ஆசிரியைக்கு இதில் தெரிவு கிடையாது. சந்தேகம் வந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

சில நாளில் ஒரு களப்பணியாளர் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பார், படுக்கைகளை எண்ணுவார், பிள்ளைகளைத் தனியே அழைத்துப் பேசுவார். பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாதவை நீதிமன்றத்துக்குப் போகும். அவற்றில் ஒரு பகுதி, பிள்ளைகள் வளர்ப்புக் குடும்பத்துக்கு, அதாவது அரசின் ஏற்பாட்டில் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் வேறொரு வீட்டுக்கு, போவதில் முடியும்.

இந்தப் பாதையில் கறுப்பினக் குழந்தைகளும் தொல்குடிக் குழந்தைகளும் மற்றவர்களைவிட அதிகம் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, அமெரிக்கக் குழந்தைகளில் 37 சதவீதத்தினர் 18 வயதுக்குள் ஒருமுறையாவது இத்தகைய விசாரணைக்கு ஆளாகிறார்கள். கறுப்பினக் குழந்தைகளில் இது 53 சதவீதம். பாதிக்கும் மேல். வளர்ப்புக் குடும்பத்துக்கே அனுப்பப்படுவோர் கணக்கை 2014இல் வந்த இன்னோர் ஆய்வு தந்தது: எல்லாக் குழந்தைகளிலும் சுமார் 6 சதவீதம், கறுப்பினத்தில் 11.5, தொல்குடியினரில் 15க்கும் மேல்.

இப்போது ஒரு கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) குழந்தை நலத் துறைக்கு இந்த இடைவெளியைக் குறைக்க மனமும், ஓர் ஆண்டுக்குக் கொஞ்சம் பணமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மேசையில் ஆறேழு யோசனைகள் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் காசு போதாது. எதை எடுப்பது? ஒவ்வொரு யோசனையையும் அந்தப் பையனின் கோப்போடு வைத்துப் பார்ப்பதுதான் என் வழி.

அதற்கு முன் ஒரு கேள்வி. இடைவெளி எங்கிருந்து வருகிறது? பார்ப்பவரின் பாரபட்சமா, குடும்பத்தின் வறுமையா? இரண்டு கட்சிகள் இதில் பல்லாண்டுகளாக மோதுகின்றன. இரண்டின் கையிலும் சான்று இருக்கிறது. 1990இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று ஃபுளோரிடாவின் பினெல்லஸ் கவுண்டியில் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்தது. போதைப்பொருள் தடயம் வெள்ளைப் பெண்களிடம் 15.4 சதவீதம், கறுப்பினப் பெண்களிடம் 14.1 சதவீதம். கிட்டத்தட்ட சமம். ஆனால் அரசுக்குப் புகார் போனதோ கறுப்பினப் பெண்கள் மீது ஏறக்குறைய பத்து மடங்கு. இதைப் படித்துவிட்டுப் பாரபட்சமே இல்லை என்று சொல்ல எனக்கு நா எழாது.

மறுபக்கம் 2011இல் வந்த ஓர் ஆய்வு வேறு கோணத்தில் கேட்டது. சிசு மரணம், குறைப்பிரசவம் போன்றவற்றில் எந்தக் களப்பணியாளரின் தீர்ப்பும் கலப்பதில்லை. அவற்றிலும் கறுப்பின, வெள்ளைக் குழந்தைகளுக்கிடையே இதே அளவோ இதைவிடப் பெரிதோ ஆன இடைவெளி இருக்கிறது. அப்படியானால் புகார்க் கணக்கு ஏன் வேறு மாதிரி இருக்க வேண்டும்? துன்புறுத்தலாலும் கவனிப்பின்மையாலும் இறக்கும் குழந்தைகளில் கறுப்பினத்தவரின் விகிதம் வெள்ளையரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதையும் இந்தக் கட்சியினர் நினைவூட்டுவார்கள். அதையும் தள்ளிவிட முடியாது.

என் கணிப்பு: வறுமை பெரிய ஊற்று, பாரபட்சம் அதன் வழியில் வந்து சேரும் கிளை ஆறு. ஊற்றை விட்டுவிட்டுக் கிளையை மட்டும் அடைக்கும் திட்டங்கள்தான் இந்தத் துறையில் அதிகம், ஏனென்றால் அவை மலிவு.

வறுமையும் கவனிப்பின்மையும் ஒரே கோப்பில் வந்து ஒட்டிக்கொண்டதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960இல் லூசியானா மாநிலம் 'தகுந்த வீடு' என்ற விதியைக் காட்டிச் சுமார் 23,000 குழந்தைகளை உதவித்தொகைப் பட்டியலிலிருந்து ஒரே வீச்சில் நீக்கியது. மணமாகாத தாய்க்குக் குழந்தை பிறந்தால் அந்த வீடு தகுதியற்ற வீடாம். நீக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். எதிர்ப்பு கிளம்பியது. கூட்டரசு, அதாவது அமெரிக்க மத்திய அரசு, 1961இல் ஒரு விதி கொண்டுவந்தது: வீடு தகாதது என்று சொல்லி உதவியை மட்டும் நிறுத்திவிட்டுக் குழந்தையை அங்கேயே விட்டுவைக்கக் கூடாது, வீட்டைச் சீர்செய், அல்லது குழந்தையை வேறிடத்தில் சேர். நல்லெண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் வேறிடத்தில் சேர்ப்பதற்குக் கூட்டரசின் பணமும் கூடவே வந்தது. தாய்க்குக் கொடுக்க மனமில்லாத மாநிலங்களுக்கு, தாயிடமிருந்து பிரித்த பிறகு செலவழிக்க வழி பிறந்தது. இன்றைக்கு வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போகும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் கோப்பில் எழுதியிருக்கும் காரணம் 'கவனிப்பின்மை'. உடல்ரீதியான துன்புறுத்தல் எழுதப்பட்டிருப்பது அதைவிட மிகக் குறைவு.

இனி யோசனைகள்.

பயிற்சி வகுப்பு முதலில், ஏனென்றால் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆழ்மனப் பாரபட்சத்தைப் பற்றி ஒருநாள் வகுப்பு, மதிய உணவு, சான்றிதழ். 2019இல் 492 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, ஆழ்மன அளவீடுகளைச் சற்று மாற்ற முடிகிறது, ஆனால் அந்த மாற்றம் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்று முடித்தது. பையனின் வீட்டில் விளக்கு எரியாது. காசு மிஞ்சினால் நடத்தட்டும்.

பெயரை மறைத்து முடிவெடுக்கும் முறை இதைவிடச் சுவாரசியமானது. நியூயார்க் மாநிலத்தின் நாசோ (Nassau) கவுண்டி தொடங்கிவைத்தது. குழந்தையைப் பிரிப்பதா என்று முடிவு செய்யும் கூட்டத்தில் களப்பணியாளர் வழக்கைச் சொல்வார். ஆனால் பெயர், இனம், முகவரி, அஞ்சல் குறியீடு, பள்ளியின் பெயர் எல்லாம் கறுப்பு மையில் அடிக்கப்பட்டிருக்கும். கேட்டுக்கொண்டிருக்கும் மேலதிகாரிகளுக்கு எந்தத் தெரு என்றுகூடத் தெரியாது. கறுப்பினக் குழந்தைகளின் பங்கு வெகுவாகக் குறைந்துவிட்டது என்ற செய்தி பரவ, 2020இல் நியூயார்க் மாநிலம் எல்லாக் கவுண்டிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. பிறகு மிச்சிகனில் இம்முறையைச் சோதித்த கவுண்டிகளை ஆராய்ச்சியாளர்கள் எண்ணிக்கையோடு பரிசோதித்தபோது, இடைவெளியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. முடிவெடுக்க ஆகும் நாள்கள்தான் கூடியிருந்தன.

ஏன் என்று யோசித்தால் விந்தையில்லை. மறைப்பு நடப்பது பாதையின் கடைசி அறையில். அதற்குள் புகார் செய்தவருக்கு இனம் தெரியும், கதவைத் தட்டியவருக்குத் தெரியும், கோப்பை எழுதியவருக்குத் தெரியும். எழுதும் கைக்குத் தெரிந்ததைப் படிக்கும் கண்ணுக்கு மட்டும் மறைப்பதில் என்ன பயன்? 'வீடு அலங்கோலமாக இருந்தது' என்று ஒருவர் எழுதும் அதே வீட்டை 'வேலைக்குப் போகும் தாய், துணிகள் மடிக்கப்படாமல் இருந்தன' என்று இன்னொருவர் எழுதலாம். எந்த மையாலும் இதை அடிக்க முடியாது. செலவு குறைவு, பார்வைக்கு நியாயம், செய்தித்தாளில் எழுத வசதி. வாங்காதே என்பதுதான் என் வாக்கு.

அடுத்தது கணினி மதிப்பெண். இதில் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பென்சில்வேனியாவின் அலகெனி கவுண்டி 2016 ஆகஸ்டில் ஒரு கருவியை அமல்படுத்தியது. புகார் வந்ததும், கவுண்டியின் பழைய பதிவேடுகளையெல்லாம் துழாவி 1 முதல் 20 வரை ஒரு மதிப்பெண் தரும்: இந்தக் குழந்தை பின்னாளில் பிரிக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு? இறுதி முடிவு தொலைபேசியை எடுத்தவருடையது.

சிக்கல் பதிவேடுகளில் இருக்கிறது. அரசு மருத்துவ உதவி, சிறை, உதவித்தொகை என்று அரசின் கதவைத் தட்டிய ஒவ்வொரு முறையும் ஒரு பதிவு விழுகிறது. தனியார் மருத்துவரிடம் போய், தனியார் சிகிச்சை இல்லத்தில் குடியை நிறுத்திய வசதியான தந்தையைப் பற்றிக் கணினிக்கு ஒன்றும் தெரியாது. ஏழைக்கு மட்டும் ஞாபகம் வைத்திருக்கும் இயந்திரம் அது. 2022இல் ஓர் ஆய்வு சொன்னது: கருவியை அப்படியே நம்பியிருந்தால் விசாரணைக்கு எடுக்கப்படும் விகிதத்தில் கறுப்பின, வெள்ளைக் குழந்தைகளுக்கிடையே 20 சதவீதப் புள்ளி இடைவெளி விழுந்திருக்கும், ஊழியர்கள் அதை மீறி முடிவெடுத்ததால் 9 சதவீதப் புள்ளியாகக் குறைந்தது. அதே ஆண்டு ஒரிகான் மாநிலம் தன் கருவியைக் கைவிட்டது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எளிது. ஆனால் அலகெனி கருவி வந்த பிறகு இடைவெளி உண்மையில் குறைந்தது என்று காட்டும் ஆய்வும் இருக்கிறது. கருவியை உருவாக்கியவர்களும் அதில் ஆசிரியர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனாலும் படிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது: அனுபவமுள்ள ஊழியர் பக்கத்தில் இருந்து மறுத்துப் பேச முடிகிற இடத்தில் கருவி கெடுதல் செய்யவில்லை. ஊழியர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டேயிருக்கும் துறையில், புதிதாகச் சேர்ந்தவர் 19 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு மறுத்துப் பேசுவாரா? நம் கவுண்டிக்கு இப்போது வேண்டாம்.

இனி வாசல். புகார் எதற்கு, எவ்வளவு ஆதாரத்தோடு, யார் செய்யலாம் என்ற விதிகள். இங்கே செய்வதில் பலவற்றுக்குச் செலவே இல்லை. நியூயார்க் மாநிலம் 2022 தொடக்கத்திலிருந்து, ஒரு பெற்றோரைக் குழந்தைத் துன்புறுத்தல் பதிவேட்டில் ஏற்ற 'ஓரளவு நம்பத்தகுந்த ஆதாரம்' போதாது, 'பெரும்பாலும் நடந்திருக்கிறது' என்று காட்டும் ஆதாரம் வேண்டும் என்று அளவுகோலை உயர்த்தியது. அந்தப் பதிவேடு சாதாரணமானதல்ல. பள்ளியிலோ காப்பகத்திலோ முதியோர் இல்லத்திலோ வேலைக்கு விண்ணப்பிக்கும் தாயை அது ஆண்டுக்கணக்கில் துரத்தும். வேலை போனால் வறுமை, வறுமையால் அடுத்த புகார். டெக்சாஸ் 2023இல் பெயர் சொல்லாமல் புகார் செய்வதை நிறுத்தியது. மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது தாயின் ஒப்புதல் இல்லாமல் போதைச் சோதனை செய்வதைத் தடுப்பது இன்னொரு வழி. பினெல்லஸ் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

இவற்றில் பல மாநிலச் சட்டங்கள், கவுண்டி தனியே செய்ய முடியாதவை. கவுண்டியால் முடிவது ஒன்று: ஆசிரியை தொலைபேசியை எடுக்கும்போது புகார் எண்ணுக்குப் பக்கத்தில் உதவி எண் ஒன்றும் இருக்கச் செய்வது. 'இந்தக் குடும்பத்துக்கு மின்கட்டணம் கட்ட ஆள் வேண்டும்' என்று சொல்ல அவருக்கு வேறு இடமே இல்லாதபோது, அவர் புகார்தான் செய்வார். பயந்தல்ல, அக்கறையால்.

உறவினர் வீட்டில் சேர்ப்பதைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. பிரிக்கத்தான் வேண்டும் என்றால் அந்நியர் வீட்டைவிடப் பாட்டி வீடு மேல் என்பதில் இன்று யாருக்கும் பெரிய மறுப்பில்லை. வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் உறவினரிடம் இருக்கிறார்கள். படுக்கையறை அளவு, வருமானம் போன்ற உரிம விதிகளை உறவினர்களுக்குத் தளர்த்தலாம் என்று 2023இல் கூட்டரசும் அனுமதித்துவிட்டது. கவுண்டி அந்த அனுமதியை உடனே பயன்படுத்த வேண்டும்; ஒரு கையெழுத்து வேலை. ஆனால் பாட்டிக்குக் கொடுக்கும் தொகை அந்நியருக்குக் கொடுப்பதைவிடக் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் பணம் போட விரும்பும் இரண்டுக்கு வருகிறேன்.

முதலாவது, பெற்றோருக்கு வக்கீல். திருட்டு வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசே வக்கீல் வைத்துத் தரும். பிள்ளையை இழக்கப்போகும் தாய்க்கு? 1981இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், அரசியல் சட்டப்படி எல்லா வழக்கிலும் வக்கீல் கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்தது. பல மாநிலங்கள் சட்டம் இயற்றி வக்கீல் தருகின்றன. ஆனால் பெரும்பாலும் குழந்தை நலத் துறை நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்த பிறகு, ஆளுக்கு நூற்றுக்கணக்கான வழக்குகளைச் சுமக்கும் ஒருவரை. நியூயார்க் நகரில் வக்கீலோடு ஒரு சமூகப் பணியாளரும், இதே அனுபவத்தைக் கடந்துவந்த ஒரு பெற்றோரும் சேர்ந்து வழக்கை எடுக்கும் அலுவலகங்கள் வந்தன. சுமார் 28,000 குழந்தைகளின் வழக்குகளை ஒப்பிட்டு 2019இல் வந்த ஆய்வு, இப்படிப்பட்ட குழு எடுத்த வழக்குகளில் குழந்தைகள் வளர்ப்புக் குடும்பத்தில் கழித்த காலம் நான்கு ஆண்டுகளில் சராசரியாக 118 நாள் குறைந்தது என்றது. குழந்தைகளின் பாதுகாப்பில் வித்தியாசம் இல்லை. ஏழு வயதுப் பையனுக்கு 118 நாள் என்பது ஏறக்குறைய ஓர் ஆண்டின் மூன்றிலொரு பங்கு.

கணக்குப் பிள்ளைக்கும் இதில் ஒரு நற்செய்தி உண்டு. 2018 இறுதியில் கூட்டரசு விதியை மாற்றியதால், தகுதியுள்ள வழக்குகளில் பெற்றோரின் வக்கீல் செலவில் பாதியைத் திரும்பப் பெறலாம். மனு தாக்கலாவதற்கு முன்பே வக்கீல் வந்துவிட்டால், வீட்டுக்காரரின் வெளியேற்ற நோட்டீசை எதிர்ப்பது, நின்றுபோன உதவித்தொகையை மீட்பது என்று வழக்கின் வேரையே அவர் பிடுங்க முடியும். பையனின் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது சட்டப்படி சரிதானா என்று கேட்கும் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

இரண்டாவது, பணமே. 2021இல் குழந்தை வரிச் சலுகை விரிவுபடுத்தப்பட்டு, ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 300 டாலர், பெரிய குழந்தைக்கு 250 டாலர் வரை நேரடியாக வந்தது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் துணை வறுமை அளவீட்டின்படி குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 சதவீதம், அந்த விரிவாக்கம் நின்ற அடுத்த ஆண்டே 12.4. இரண்டு மடங்குக்கு மேல். குறைந்தபட்சக் கூலி ஒரு டாலர் கூடினால் கவனிப்பின்மைப் புகார்கள் 9.6 சதவீதம் குறைகின்றன என்றது 2017இல் வந்த ஓர் ஆய்வு. 2021இல் இன்னொன்று: வறுமையில் உள்ள ஒருவருக்கு மாநிலம் ஆண்டுக்கு 1,000 டாலர் கூடுதலாகச் செலவிடும் இடங்களில் புகார்கள் 4.3 சதவீதமும், துன்புறுத்தலால் நேரும் இறப்புகள் 7.7 சதவீதமும் குறைவு. இவையெல்லாம் தொடர்பைக் காட்டும் கணக்குகள். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சந்தேகம் உண்டு. ஆனால் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு தரவு, ஒரே திசை.

இங்கே ஒரு வேதனையான முரண். 2018இன் கூட்டரசுச் சட்டம் குடும்பங்கள் பிரியாமல் தடுக்கப் பணம் தருகிறது: மனநல சிகிச்சைக்கு, போதை மீட்புக்கு, பிள்ளை வளர்ப்புப் பாடத்துக்கு. வாடகையை நேரடியாகக் கட்டும் திட்டம் அதில் இல்லை. பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று அந்தத் தாய்க்குப் பாடம் எடுக்கலாம். வெந்நீருக்கு மின்சாரம் தர முடியாது. ஆகவே வாடகைக்கும் மின்கட்டணத்துக்குமான நிதி கவுண்டியின் சொந்தப் பணமாகத்தான் இருக்க வேண்டும், களப்பணியாளரே அன்றைக்கே கையெழுத்திட்டுத் தரக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்று படிவமும் ஆறு வார ஒப்புதலும் என்றால் வேண்டவே வேண்டாம்.

கறுப்பினக் குடும்பங்களுக்கு மட்டும் என்று இந்த நிதியை ஒதுக்க முடியுமா என்று யாராவது கேட்பார்கள். இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964இன் சிவில் உரிமைகள் சட்டம் குறுக்கே நிற்கும். தொல்குடிக் குழந்தைகளுக்கென 1978இல் வந்த தனிச் சட்டம் நிற்பது அவர்களின் குடிகள் தனி அரசியல் அலகுகள் என்ற அடிப்படையில். உச்ச நீதிமன்றம் 2023இல் 7க்கு 2 என்று அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. கவுண்டிக்கு அந்த வழி இல்லை. மின்கட்டணம் பாக்கி உள்ள எல்லா வீட்டுக்கும் கொடுத்தாலும், பாக்கி அதிகம் இருக்கும் வீடுகளுக்கே அது அதிகம் போய்ச் சேரும்.

ஆக, என் பங்கீடு: பாதிக்கு மேல் அவசர நிதிக்கு, மிச்சத்தில் பெரும்பகுதி மனுவுக்கு முந்தைய வக்கீலுக்கு, கொஞ்சம் உதவி எண்ணுக்கு. உறவினர் விதி இலவசம். மறைப்புக் கூட்டமும் கணினியும் காத்திருக்கட்டும்.

இதில் எனக்கிருக்கும் பெரிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024இல் மிச்சிகனின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்களை வைத்து வந்த ஆய்வு, வீட்டில் இருந்தால் மீண்டும் பாதிக்கப்படும் வாய்ப்பு ஒரே அளவில் உள்ள குழந்தைகளில், கறுப்பினக் குழந்தையைப் பற்றிய புகார் பிரிவில் முடிவது 55 சதவீதம் அதிகம் என்றது. இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அடுத்த வரி: இந்த வித்தியாசம் குவிந்திருப்பது உண்மையிலேயே ஆபத்துள்ள வீடுகளில். அதாவது, காப்பாற்ற வேண்டிய வெள்ளைக் குழந்தைகளில் சிலர் வீட்டிலேயே விட்டுவிடப்படலாம். பிரிப்பதைக் குறைத்தால் போதும் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது நல்ல அடி. பணமும் வக்கீலும் வறுமை வழக்குகளைக் கூட்டத்திலிருந்து விலக்கிவிட்டால் மிச்சமுள்ள வீடுகளைக் களப்பணியாளர் நின்று நிதானமாகப் பார்க்கலாம் என்பது என் நம்பிக்கை. நம்பிக்கை மட்டும்தான்.

அதனால் ஆண்டு முடிவில் கவுண்டியிடம் நான் கேட்பது இரண்டு எண்களை, இனவாரியாகப் பிரித்து. புகார் வந்த நாளுக்கும் அந்த வீட்டில் விளக்கு எரிந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள். விளக்கு எரிந்த பிறகு, பையன் அங்கேயே இருக்க, ஆறு மாதத்துக்குள் இன்னொரு புகார் வந்ததா.